பட்டாளத்துக் கடிதத்தை யார் வாசிப்பது?

முன்னாள் படைவீரர்களைச் சிறப்பிக்கும் ஒரு பொது வாசிப்பையும் முதியோர் கல்வி வகுப்பையும் சேர்த்து நடத்தலாம் என்ற யோசனை எங்கள் தன்னார்வலர் குழுவில் எழுந்தபோது, இரண்டு நல்ல காரியங்களை ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்பதுதான் பலருக்கும் அதில் தெரிந்த வசதி. எனக்கு அந்தச் சேர்க்கை அதைவிட ஆழமானதாகத் தோன்றியது. படைவீரரின் கதையும் எழுத்தறியாதவரின் கதையும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பின்னிக் கிடக்கின்றன. பல வேளைகளில் அந்த இருவரும் ஒரே ஆளாகவே இருந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன், இன்றும் இருக்கிறேன். வீரர்களின் சொற்களை மேடையில் வாசிப்பவர்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் முதியவர்களாகவே இருக்க வேண்டும். சரளமாக வாசிக்கத் தெரிந்த நாங்கள் கேட்பவர்களின் வரிசையில் போய் உட்கார வேண்டும்.

இந்தப் பிடிவாதத்துக்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து சென்றார்கள். பிரான்ஸின் பதுங்குகுழிகளிலும் இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளிலும் இருந்தவர்கள் வாரந்தோறும் ஆயிரக்கணக்கான கடிதங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒரு சக வீரரிடமோ பட்டாளத்து எழுத்தரிடமோ அவர்கள் சொல்லச் சொல்ல, இன்னொருவருடைய கை எழுதியது. கடிதம் புறப்படுவதற்கு முன் ரெஜிமென்ட் அதிகாரி அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு தணிக்கை அலுவலகத்தில் ஒருவர் படித்து, முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்தார். ஊருக்கு வந்து சேர்ந்த பிறகும் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்றால், தபால்காரரோ பள்ளி ஆசிரியரோ வாசித்துச் சொல்ல வேண்டும். ஒரு கணவன் தன் மனைவிக்குச் சொல்ல நினைத்த சொல், அவள் காதை எட்டுவதற்குள் குறைந்தது நான்கு பேரைக் கடந்து வந்தது. அந்த நான்கு பேர் முன்னாலும் சொல்லக்கூடியதை மட்டுமே அவன் சொன்னான்.

தணிக்கை செய்தவர்கள் எடுத்து வைத்த அந்தப் பகுதிகள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு கடிதம் மிளகைப் பற்றிப் பேசுகிறது. கருப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாயைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு வீரர் சொல்லி எழுத வைத்திருக்கிறார். கருப்பு மிளகு என்றால் இந்திய வீரர்கள், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்கார வீரர்கள். தன் கடிதத்தை யார் யாரோ படிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். வீட்டாருக்கு அதன் பொருள் புரியும் என்பதும் தெரியும். எழுத்து தன் கையில் இல்லாத ஒருவர், எத்தனை கவனமாகச் சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எழுத்தறிவைத் தாங்களே முயன்று பெற்ற வீரர்களும் உண்டு. அவர்களில் நான் மிகவும் மதிப்பவர்கள், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் போரிட்ட 62ஆவது கறுப்பினக் காலாட்படையினர். இந்தப் படை மிசௌரி மாநிலத்தில் திரட்டப்பட்டது. கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதை 1847இல் சட்டம் போட்டுத் தடுத்த மாநிலம் அது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து துப்பாக்கி ஏந்திய அந்த மனிதர்களுக்கு, 1864 ஜூலையில் அவர்களுடைய படை அதிகாரி ஓர் ஆணை பிறப்பித்தார்: அடுத்த ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குள் வாசிக்கக் கற்றுக்கொள்ளாத சார்ஜென்ட், கார்ப்பரல் நிலையினர் பதவி இறக்கப்படுவார்கள். சூதாடிப் பிடிபட்டவர்கள் முகாமின் நடுவில் எல்லோரும் பார்க்கப் புத்தகத்துடன் நின்று பாடம் படிக்க வேண்டும் என்ற ஆணையும் அதே காலத்தில் வந்தது. படிப்பைத் தண்டனையாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் போர் முடிந்தபின் நடந்ததுதான் முக்கியம். படை கலைக்கப்பட்டபோது, மாதம் 13 டாலர் சம்பளம் வாங்கிய அந்தச் சிப்பாய்கள் தங்களுக்குள் பணம் திரட்டினார்கள். 65ஆவது படையினரும் சேர்ந்துகொள்ள, தொகை 6,000 டாலரைத் தாண்டியது. அந்தப் பணத்தில் 1866இல் ஜெபர்சன் நகரில் தொடங்கப்பட்ட லிங்கன் கல்விக்கூடம் இன்று லிங்கன் பல்கலைக்கழகமாக இருக்கிறது. படிக்கத் தடை இருந்த மாநிலத்தில், படிக்கக் கற்றுக்கொண்ட சிப்பாய்கள் ஒரு கல்வி நிறுவனத்தையே எழுப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அரை நூற்றாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, சேர்க்கப்பட்ட ஏறக்குறைய 17 லட்சம் பேருக்கு ராணுவம் அறிவுத்திறன் சோதனை நடத்தியது. நான்கில் ஒருவருக்குச் செய்தித்தாள் வாசிக்கவோ வீட்டுக்குக் கடிதம் எழுதவோ போதிய பயிற்சி இல்லை என்பது அப்போது தெரியவந்தது. படங்களை மட்டுமே கொண்ட வேறொரு சோதனையை அவர்களுக்காகத் தனியாக நடத்த வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவமே பாடநூல் அச்சடித்தது. அதன் நாயகன் ‘பிரைவேட் பீட்’ என்ற கற்பனைச் சிப்பாய். அவன் முகாமில் தூங்கி எழுகிறான், சாப்பிடுகிறான், வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். பூனையையும் பந்தையும் பற்றிய குழந்தைப் பாடத்தை வளர்ந்த மனிதனின் கையில் கொடுக்காமல், அவன் அன்றாடம் வாழும் வாழ்க்கையையே பாடமாக வைத்த அந்த அறிவு, முதியோர் கல்வியில் இருப்பவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியது.

எங்கள் வாசிப்புக்கான பனுவல்களை நாங்கள் தயாரிக்கும் முறையும் அந்த எண்ணத்திலிருந்து வந்ததுதான். அச்சிட்ட வீரவரலாறு எதையும் எடுத்துக்கொள்வதில்லை. முன்னாள் வீரர் ஒருவரும் வகுப்பில் படிக்கும் ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். தன்னார்வலர் ஒருவர் கூட இருந்து குறித்துக்கொள்கிறார். பேச்சு எப்போதும் போரிலிருந்து தொடங்குவதில்லை. முதல்முறை சீருடை போட்டபோது எந்த அளவு பெரிதாக இருந்தது, ரயிலில் எத்தனை நாள் போனோம், தெரியாத மொழியில் கட்டளை வந்தபோது பக்கத்தில் நின்றவனைப் பார்த்து எப்படிக் காலைத் தூக்கினோம் என்பது போன்ற சங்கதிகளே முதலில் வருகின்றன. அவற்றில் எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக் கூடாது என்று முடிவு செய்யும் உரிமை முழுக்க அந்த வீரருடையது. ‘எத்தனை பேரைச் சுட்டீர்கள்?’ என்ற கேள்வியை யாரும் கேட்கக் கூடாது என்பதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம். அவராகச் சொல்ல வந்தால் கேட்டுக்கொள்ளலாம். தோண்டி எடுக்கும் வேலை நமக்கு இல்லை.

குறித்ததை அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுகிறோம். அவர் பேசிய சொற்களையே வைத்துக்கொண்டு, வாக்கியங்களை மட்டும் சிறிதாக்குகிறோம். புதிதாகப் படிப்பவருக்கு வரியின் நீளம் பெரிய விஷயம். ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் திரும்பும்போதுதான் இடம் தவறிப்போகும். எனவே ஒரு வரியில் நான்கைந்து சொற்களுக்கு மேல் இல்லாமல், மூச்சு விடும் இடத்திலேயே வரி முறிகிற மாதிரி, பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம். பட்டாளத்துச் சொற்கள் தனிச் சங்கடம் தருபவை. ஹவில்தார், ஜவான், ரெஜிமென்ட் என்ற சொற்களில் ஹ, ஜ போன்ற கிரந்த எழுத்துகள் வருகின்றன. அவற்றை வகுப்பில் கடைசியாகத்தான் சொல்லித் தருவது வழக்கம். இந்த வாசிப்புக்காக அவற்றை முன்னால் கொண்டுவந்தோம். பழக்கமான ஒரு மனிதருடைய பதவியின் பெயராக ‘ஹ’ அறிமுகமானபோது, எழுத்து அட்டவணையில் பார்ப்பதைவிட அது விரைவாகவே மனதில் நின்றது.

கொம்பும் காலும் தரும் தொல்லையைச் சொல்லாமல் விட முடியாது. ‘கொடி’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது, கால் பின்னால் போய்விடுகிறது, ஒலியோ ககரத்தில்தான் தொடங்குகிறது. இடமிருந்து வலமாக விரலை நகர்த்திக்கொண்டே வரும் ஒரு முதியவர், கொம்பைப் பார்த்தவுடன் நின்றுவிடுவார்; அடுத்த எழுத்தைப் பார்க்காமல் அவரால் எதையும் உச்சரிக்க முடியாது. ‘போர்’, ‘தோழன்’, ‘தொப்பி’, ‘கோட்டை’ என்று இந்தப் பனுவல்களில் கொம்பு வைத்த சொற்கள் நிறைய. விரலை ஓர் எழுத்து முன்னால் வைத்துக்கொண்டு கண்ணை அதன் பின்னால் கொண்டுவரும் பழக்கத்தை ஓர் ஆசிரியை கற்றுக்கொடுத்தார். எளிய உத்திதான், ஆனால் பல மாதத் தயக்கத்தை அது தீர்த்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒத்திகையில் முதலில் ஆசிரியை வாசிக்கிறார், எல்லோரும் விரலோட்டிப் பின்தொடர்கிறார்கள். பிறகு சேர்ந்து வாசிக்கிறார்கள். அதன்பின் இரண்டிரண்டு பேராக. தனியாக வாசிப்பது கடைசியில்தான். ஒரே பத்தியைப் பலமுறை உரக்க வாசிப்பது மனப்பாடம் ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு ஆகும்தான், அதில் குற்றமில்லை. வாய்க்குப் பழகிய சொல்லைக் கண் அடையாளம் காணும் தருணத்தில்தான் சொல் முழுச் சொல்லாகத் தெரியத் தொடங்குகிறது. எழுத்தெழுத்தாகப் பொறுக்கிக் கூட்டும் வேலை அங்கே குறைகிறது. பொதுவில் வாசிக்கப் போகிறோம் என்ற காரணம் இல்லாவிட்டால், வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரே பத்தியை அத்தனை முறை வாசிக்கப் பொறுமை கொள்ளமாட்டார்.

அரங்கத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். முன்னாள் வீரர்கள் பலருக்குக் காது சரியாகக் கேட்காது. துப்பாக்கியும் பீரங்கியும் இயந்திரங்களும் விட்டுச் சென்ற சேதம் அது. அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு வழங்கப்படும் குறைபாடுகளில் காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும்தான் முன்வரிசையில் இருக்கின்றன. புதிதாக வாசிப்பவரின் குரலோ தாழ்ந்தே இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்காவிட்டால் நிகழ்ச்சி யாருக்கும் பயன்படாது. ஆகவே உயரமான மேடையை விட்டுவிட்டு அரைவட்டமாக நாற்காலி போட்டு, வாசிப்பவரின் முகமும் உதடும் தெரியும்படி வெளிச்சம் வைக்கிறோம். அதே பனுவலின் பெரிய எழுத்துப் பிரதியைக் கேட்பவர் கையிலும் கொடுக்கிறோம். ஒலிபெருக்கி கீச்சிடக் கூடாது. பலூன், வெடி எதுவும் கூடாது. கதவுக்கு முதுகு காட்டி உட்கார விரும்பாத வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுவரோரம் இடம் ஒதுக்குகிறோம், நடுவில் எழுந்து போக வேண்டும் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. வழக்கமான பாராட்டு விழாக்களில் வீரர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, பிரமுகர்கள் மாறி மாறிப் பேசி, இறுதியில் ஒரு நினைவுப் பரிசைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கே அவர்களுடைய ஒரு சொல்லாவது யார் காதிலாவது விழுந்ததா?

உரக்க வாசிப்பதால் வீரர்கள் பெற்றதைப் பேசும்போது, வீரர்களால் உலகம் பெற்றதையும் சொல்லியாக வேண்டும். 1916இல் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் கண்ணில் குண்டு பாய்ந்து பார்வை இழந்தபோது இயன் ஃப்ரேசருக்கு வயது 18. பார்வை இழந்த வீரர்களுக்காக லண்டனில் நடந்த செயின்ட் டன்ஸ்டன்ஸ் நிறுவனத்தில் பயிற்சி பெற்று, சில ஆண்டுகளில் அதற்குத் தலைவரும் ஆனார். வளர்ந்தபின் பார்வை இழந்த பலருக்குப் பிரெய்ல் புள்ளிகள் விரலுக்குப் பிடிபடுவது கடினம் என்பதை அவர் நேரிலேயே அறிந்திருந்தார். புத்தகத்தை ஒருவர் வாசிக்க, அதை இசைத்தட்டில் பதிவு செய்து வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று அவரும் அவருடன் இருந்தவர்களும் பல ஆண்டுகள் முயன்றார்கள். சாதாரண இசைத்தட்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். மெதுவாகச் சுழன்று ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 25 நிமிடம் பேசும் தட்டை உருவாக்கி, 1935இல் பிரிட்டனில் பேசும் புத்தக நூலகத்தைத் தொடங்கினார்கள். இன்று பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கதை கேட்கும் எத்தனையோ பேர், பார்வை இழந்த படைவீரர்களுக்காக முதலில் தேடப்பட்ட ஒரு வழியில்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

திணறி வாசிப்பதைப் பொதுமக்கள் எத்தனை நேரம் கேட்பார்கள், அது வாசிப்பவருக்கே அவமானமாகிவிடாதா என்ற கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. வளர்ந்தவர்கள் வகுப்புக்கு வராமல் ஒதுங்குவதற்கு வெட்கமே பெரும் காரணம். கடையில் விலைப்பட்டியல் முன்னாலும் வங்கியில் படிவத்தின் முன்னாலும் ‘கண்ணாடி கொண்டுவரவில்லை’ என்று சொல்லிச் சமாளித்தே ஆண்டுகளைக் கடத்தியவர்கள் அவர்கள். உலகில் இன்று 70 கோடிக்கும் அதிகமான வளர்ந்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கிறார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் பெண்கள். அதனால் வாசிக்க வருவது முழுக்க அவரவர் விருப்பம் என்றும், ஆளுக்கு அரைப் பக்கத்துக்கு மேல் இல்லை என்றும், துணைக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கலாம் என்றும் வைத்தோம். ஒன்றைத் திட்டவட்டமாகத் தடுத்தோம்: தடுமாறும் இடத்தில் கூட்டத்திலிருந்து யாரும் சொல் எடுத்துக்கொடுக்கக் கூடாது. உதவி என்று நினைத்து நாம் செய்யும் அந்தக் காரியம், அவர் வாயருகே கொண்டுவந்த சொல்லைப் பறித்துக்கொள்கிறது.

அப்படி ஒரு வாசிப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்ட ஓர் அம்மா, வயதான ஒரு முன்னாள் சிப்பாயின் நினைவை வாசித்துக்கொண்டிருந்தார். மலைமேல் காவல் முகாமில் பல வாரங்களாகத் தபால் வராமல் இருந்து, ஒரு நாள் மொத்தமாக வந்த கதை அது. ‘பனி பெய்துகொண்டிருந்தது’ என்று அவர் வாசித்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த சிப்பாய் கையை உயர்த்தி, “இல்லை அம்மா, அன்றைக்கு மழை. நனைந்துபோன கடிதத்தை அடுப்பருகில் காய வைத்தோம்” என்றார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “இங்கே பனி என்றுதான் போட்டிருக்கிறது ஐயா” என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். குறிப்பெடுத்தவரின் பிழை. பேனா வாங்கி, ‘பனி’யை அடித்துவிட்டு, மேலே ‘மழை’ என்று அந்த அம்மாவே எழுதினார். ழகரத்தின் சுழியில் சற்று நேரம் ஆயிற்று, எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து திரும்ப வாசித்தார். கடிதங்கள் எல்லாவற்றையும் எழுத்துத் தெரிந்த ஒரே தோழன் விடிய விடிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாசித்துக் காட்டியதாக அந்தப் பனுவல் போகிறது. தனக்கு வந்ததை இரண்டு முறை வாசிக்கச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு முறையோடு விட்டுவிட்டதாக அந்தச் சிப்பாய் சொல்லியிருந்தார். அந்த வரியை வாசித்து முடித்த அம்மா, யாரும் கேட்காமலே, அதை இன்னொரு முறை வாசித்தார்.

வாசித்துத் திருத்திய பனுவல்கள் இப்போது வகுப்பின் பாடநூலாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வீரரின் வீட்டுக்குப் போகிறது, இன்னொன்று வகுப்பில் தங்குகிறது. அடுத்த பாடம் பதில் கடிதம்: கேட்ட நினைவில் தனக்குப் புரியாத ஒன்றை அந்த வீரரிடம் விசாரித்து, கற்பவர் தன் கையால் எழுத வேண்டும், நாங்கள் ஒற்றுப்பிழையைக்கூடத் திருத்த மாட்டோம். அஞ்சல் உறையில் முகவரி எழுதுவதையும் அவர்களே செய்கிறார்கள். பின்கோடு எண்களுக்கான கட்டங்கள் சிலருக்கு இன்னும் குழப்பம் தருவதால், அதற்கு ஒரு தனி வகுப்பு வைத்திருக்கிறோம்.